"இருப்பதைத்தானே காட்டுகிறார்கள்?": விளம்பரமும் நிறமும் பெண்ணும்

கேள்வி இது: "விளம்பரங்கள் நிறம், இனம், ஆண் பெண் பற்றிய பழைய எண்ணங்களை வளர்க்கின்றன என்கிறார்கள். அந்த எண்ணங்கள் சமூகத்தில் ஏற்கெனவே இருப்பவைதானே? இருப்பதைக் காட்டுகிற விளம்பரத்தைக் குறை சொல்வது நியாயமா?"

இருப்பதைத்தான் எடுக்கிறார்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் எடுத்ததை எடுத்தபடி திருப்பித் தருவதில்லை. அதற்கு ஒரு அளவுகோல் வைக்கிறார்கள், ஒரு கெடு வைக்கிறார்கள், ஒரு விலை வைக்கிறார்கள், ஒரு பெயரும் வைக்கிறார்கள். மும்பையில் எடுத்த விளம்பரங்களுக்குச் சென்னையில் தமிழ் வசனம் எழுதும் வேலையைப் பல வருடங்கள் செய்தவன் நான். அதனால் எனக்கு மிகப் பக்கத்தில் தெரிந்த சிவப்பழகு க்ரீமை வைத்தே பதில் சொல்கிறேன். நிறமும் பெண்ணும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் நம் ஊரில் வேறு இல்லை.

விளம்பரம் வருவதற்கு முன்பும் நம் வீடுகளில் நிறப் பாகுபாடு இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் "கொஞ்சம் நிறம் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அத்தையோ பாட்டியோ பயத்தம்மாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்துத் தேய்த்துவிடுவார்கள். "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பது பாராட்டு. அந்த "இருந்தாலும்" எத்தனை பெண்களைக் குத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "நல்ல கலர்" என்றால் வெளுத்த நிறம் மட்டும்தான், மற்றதெல்லாம் கலரே இல்லை என்பதுபோல. ஆனாலும் அந்தப் பேச்சு அந்தந்த வீட்டோடு, அந்தந்தத் தெருவோடு இருந்தது. அதைச் சொன்ன அத்தையிடம் எதிர்த்துப் பேசலாம். இன்னொரு வீட்டில் மாநிறப் பெண்ணை "மகாலட்சுமி மாதிரி" என்று கொண்டாடவும் செய்தார்கள்.

இன்னும் பின்னால் போனால், சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்குப் பெயரே மாமை. மாந்தளிர் போன்ற நிறம் என்பார்கள் உரைகாரர்கள். தலைவன் பிரிந்த துயரத்தில் அந்த மாமை கெட்டு, உடம்பு வெளிறிப்போவதற்குப் பெயர் பசலை. வெளிறுவது அங்கே நோய். அதனால் "தமிழர்கள் எப்போதுமே இப்படித்தான் நினைத்தார்கள்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இந்த விருப்பு மாறி வந்திருக்கிறது, அதை மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் சந்தைக்கு வந்தது. ஹிந்துஸ்தான் லீவர் (இன்றைய ஹிந்துஸ்தான் யூனிலீவர்) நிறுவனத்தின் தயாரிப்பு. "ஆறே வாரங்களில்" என்ற கெடு வீட்டுக்கு வந்தது இதனோடுதான். பெட்டியின் மேல் இருண்ட முகமும் வெளுத்த முகமுமாக ஒரே பெண்ணின் இரண்டு படங்கள். கூடவே நிற அட்டை ஒன்றும் வரும். கருப்பிலிருந்து வெளுப்புவரை படிப்படியாகப் பட்டைகள். அதைக் கன்னத்தோடு வைத்துப் பார்த்து, இந்த வாரம் எந்தப் பட்டையில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். என் அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அந்த அட்டையைக் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பேனாவால் தேதி போட்டிருந்தாள். மூன்று தேதிகளும் ஒரே பட்டையின் பக்கத்தில்தான் இருந்தன.

பாட்டியின் பயத்தம்மாவுக்கு இப்படி ஒரு பட்டை கிடையாது. தன் முகத்தைத் தானே அளந்து, தினமும் மதிப்பெண் போட்டுக்கொள்ள ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தது அந்த அட்டை.

இனி அந்த முப்பது விநாடி விளம்பரத்தைப் பார்ப்போம். இந்த க்ரீமின் விளம்பரங்களில் மிகவும் பேசப்பட்டது 2000-களின் தொடக்கத்தில் வந்த விமானப் பணிப்பெண் விளம்பரம். வீட்டில் பணக் கஷ்டம். ஒரு மகன் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று அப்பா வருத்தப்படுகிறார். மாநிற மகள் அதைக் கேட்டுவிடுகிறாள். க்ரீம் பூசுகிறாள், நிறம் மாறுகிறது, வேலை கிடைக்கிறது, அப்பாவை வெளியே அழைத்துப் போகிறாள். அவ்வளவுதான் கதை. அதற்குள் எத்தனை அடைத்திருக்கிறார்கள் பாருங்கள். மகன்தான் சொத்து, மகள் சுமை. மகள் மகனுக்குச் சமமாக வேண்டுமானால் முதலில் அழகாக வேண்டும். அழகு என்றால் வெளுப்பு. வேலை கிடைப்பது படிப்பால் அல்ல, முகத்தால். எல்லாவற்றுக்கும் மேலே "வேலைக்குப் போகும் நவீனப் பெண்" என்ற புதுச்சட்டை. எதிர்ப்புக் குறைவாக வரட்டும் என்பதற்குத்தான் அந்தச் சட்டை. பழைய எண்ணம் பழைய உடையில் வந்தால் பெண்களே சேனலை மாற்றிவிடுவார்கள்.

அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் இதை விடவில்லை. நிறுவனத்திடம் புகார், தேசிய மனித உரிமை ஆணையத்திடம் புகார் என்று தொடர்ந்து போராடினார்கள். 2003-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தலையிட்டு நோட்டீஸ் அனுப்பியது, விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. இது தானாக மாறவில்லை, மாற்ற வைத்தார்கள். இதை எழுதும்போது அந்தப் பெண்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

படப்பிடிப்பு எப்படி நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். முன், பின் இரண்டு முகமும் ஒரே மாடலுடையவைதான். பெரும்பாலும் அவர் இயல்பிலேயே வெளுத்தவர். "முன்" காட்சிக்கு இரண்டு படி இருண்ட மேக்கப் போடுவார்கள். முடியை இறுக்கிப் பின்னி, மங்கலான சுடிதார் கொடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து, தலையைக் கொஞ்சம் தொங்கப்போடச் சொல்வார்கள். சிரிக்கக் கூடாது. "பின்" காட்சிக்கு மேக்கப்பைத் துடைத்து, முடியை விரித்து, முகத்துக்கு நேரே தெர்மாகோல் பிடித்து வெளிச்சத்தைத் திருப்புவார்கள். அப்புறம் சிரிப்பு. மாறியது வெளிச்சமும் சிரிப்பும்தான். ஆனால் பார்க்கிற பெண்ணின் மனதில் இருண்ட தோலும் தொங்கிய தலையும் ஒன்றாகப் பதிந்துவிடும்.

இந்திய விளம்பரத் தர மன்றமான ஆஸ்கி 2014-ல் கொண்டுவந்த விதிகளைப் படித்தால் இந்தத் தந்திரத்தை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள் என்று தெரியும். கருத்த நிறமுள்ளவரை அழகற்றவராக, சந்தோஷமில்லாதவராக, மனம் தளர்ந்தவராகக் காட்டக்கூடாது. வேலை, கல்யாணம், பதவி உயர்வு இவற்றில் நிறத்தால் பின்தங்கியதாகக் காட்டக்கூடாது. சாதி, மதம், தொழிலோடு நிறத்தை முடிச்சுப் போடக்கூடாது. குறிப்பாக "முன்" காட்சியில் மாடலின் முகபாவம் எதிர்மறையாக இருக்கக்கூடாது. நல்ல விதிகள். ஆனால் ஆஸ்கி என்பது விளம்பரத் துறையினரே 1985-ல் தங்களுக்காக அமைத்துக்கொண்ட அமைப்பு, நீதிமன்றம் அல்ல. விளம்பரம் ஓடி முடிந்தபின் வரும் தீர்ப்புக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

சரி, பெயர் வைப்பது என்றேனே, அதைச் சொல்கிறேன். டப்பிங் விளம்பரத்தில் உதடு ஒட்டும் இடம் முக்கியம். ஹிந்தியில் "கோராபன்" என்று நடிகை சொன்னால் "ப"வில் உதடு சேரும். தமிழிலும் அதே இடத்தில் உதடு சேரும் சொல் வேண்டும். "சிவப்பழகு" கச்சிதமாகப் பொருந்தும், "ப்ப" இருக்கிறது. ஒருமுறை எனக்கு மனம் ஒப்பவில்லை. "நிறப்பொலிவு" என்று எழுதிக் கொடுத்தேன். அதிலும் "ப்பொ" இருக்கிறது, உதடு சரியாக ஒட்டியது. ஒலிப்பதிவு அறையில் குரல் கொடுத்த அம்மா ஒரே டேக்கில் முடித்துவிட்டார். நிறுவனத்தின் சார்பில் வந்திருந்தவர் கேட்டுவிட்டு, "இது மக்களுக்குப் போய்ச் சேராது, சிவப்பழகுன்னே போடுங்க" என்றார். போட்டேன். சம்பளம் வாங்கினேன். அந்தச் சொல் இன்றும் என் மனதை உறுத்துகிறது.

"சிவப்பா இருக்கா" என்று நாம் முன்பே பேசிக்கொண்டிருந்தோம்தான். ஆனால் சிவப்பையும் அழகையும் ஒட்டி, பிரிக்க முடியாத ஒரே சொல்லாக்கி, அதைத் தினமும் பத்து முறை வீட்டுக்குள் அனுப்பியது விளம்பரம். பெட்டிக்கடையில் பொருளின் பெயரைச் சொல்லாமல் "சிவப்பழகு க்ரீம் ஒண்ணு குடுங்க" என்று கேட்டார்கள். சொல் பொருளாகிவிட்டது. "கருப்பழகு" என்று யாராவது சொன்னால் அதற்கு விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

இதில் வடக்கை மட்டும் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ஃபேர்எவர் க்ரீமை 1998-ல் கொண்டுவந்த கெவின்கேர் நம் ஊர் நிறுவனம், கடலூரில் சாஷே ஷாம்பூவில் தொடங்கி வளர்ந்தது. கர்ப்பிணிக்குக் குங்குமப்பூப் பால் கொடுத்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் எவ்வளவு ஆழமானது என்பது எல்லோருக்கும் தெரியும். ஃபேர்எவர் குங்குமப்பூவையும் பாலையுமே முன்னிறுத்தியது. பாட்டியின் நம்பிக்கை ட்யூபுக்குள் போனது, சாஷேக்குள்ளும் போனது. சில ரூபாயில் கிடைத்ததால் கூலி வேலைக்குப் போகும் பெண்ணின் கைக்கும் எட்டியது.

பிறகு 2005-ல் இமாமி நிறுவனம் ஃபேர் அண்ட் ஹேண்ட்ஸம் கொண்டுவந்தது. ஷாருக் கான் நடித்தார். பெண்கள் பூசுவதை ஆண் திருட்டுத்தனமாகப் பூசுவது கேவலம், ஆணுக்குத் தனி க்ரீம் வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை வாதம். நிறம் பற்றிய பழைய எண்ணத்தோடு ஆண்மை பற்றிய பழைய எண்ணமும் சேர்ந்துகொண்டது. அந்த க்ரீமை 79 ரூபாய்க்கு வாங்கிய ஒருவர், சொன்ன பலன் கிடைக்கவில்லை என்று 2013-ல் டெல்லி நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். மேல்முறையீடு, மறுவிசாரணை எல்லாம் கடந்து 2024 டிசம்பரில் மாவட்ட ஆணையம் நிறுவனத்துக்கு 14.5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஒரு ட்யூபுக்குப் பதினோரு வருடம்.

இந்தக் கதை இந்தியாவில் பிறந்ததும் அல்ல. 1880-களில் இங்கிலாந்தில் பியர்ஸ் சோப்புக்கு ஒரு விளம்பரம் வந்தது. முதல் படத்தில் ஒரு கருப்பினக் குழந்தை தொட்டியில் உட்கார்ந்திருக்கிறது, வெள்ளைக் குழந்தை சோப்பு நீட்டுகிறது. அடுத்த படத்தில் கருப்பினக் குழந்தையின் உடம்பு கழுத்துவரை வெளுத்திருக்கிறது. 1899-ல் அதே சோப்பு இன்னொரு படி மேலே போனது. அமெரிக்கக் கடற்படைத் தளபதி டூயி வெள்ளை உடையில் கை கழுவுகிறார். வெள்ளையரின் சுமையை, அதாவது மற்றவர்களை நாகரிகப்படுத்துவது தங்கள் கடமை என்று அவர்கள் சொல்லிக்கொண்டதை, குறைக்க முதல் படி சுத்தத்தைக் கற்றுக்கொடுப்பது என்று கீழே எழுதியிருக்கிறது. காலனி ஆட்சியையே சோப்பு விற்கும் வாசகமாக்கிவிட்டார்கள். கருப்பு அழுக்கு, வெளுப்பு சுத்தம் என்ற கணக்கு அங்கே அச்சிலேறியது. 2016-ல் சீனாவில் ஒரு சலவைப் பொருள் விளம்பரம் வந்தது. கருப்பின ஆணை ஒரு பெண் வாஷிங் மெஷினுக்குள் தள்ளுகிறாள், வெளுத்த சீன ஆண் வெளியே வருகிறான். 2017-ல் டவ் நிறுவனத்தின் சில விநாடிப் படத்தில் கருப்பினப் பெண் பனியனைக் கழற்றினால் வெள்ளைப் பெண் நிற்கிறாள். டவ் மன்னிப்புக் கேட்டது. அந்த டவ்வும் ஃபேர் அண்ட் லவ்லியும் ஒரே யூனிலீவர் குடும்பம். ஒரு பக்கம் 2004 முதல் "உண்மையான அழகு" என்று எல்லா நிறப் பெண்களையும் கொண்டாடும் பிரச்சாரம், மறுபக்கம் நிற அட்டை. எந்த நாட்டில் எது விற்குமோ அது.

"இருப்பதைத்தானே" என்ற வாதத்துக்கு நேரடியான மறுப்பு அமெரிக்காவின் ஆண்ட் ஜெமைமா பான்கேக் மாவு. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜெமைமா என்ற கருப்பினச் சமையல்காரி வேடத்தில் நின்று பான்கேக் சுட்டவர் நான்சி க்ரீன், கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். அவர் வாயிலிருந்து வந்தது தோட்ட எஜமானுக்குச் சந்தோஷமாகச் சமைத்துப்போட்ட அடிமைப் பெண்ணின் கதை. சாட்டையும் ஏலமும் அதில் இல்லை. நடந்ததை மறைத்து, நடக்காததை நினைவாக்கியது அந்த விளம்பரம். அந்தப் பெயர் மாறுவதற்கு 2021 ஆகிவிட்டது.

இதெல்லாம் மனதை உண்மையிலேயே மாற்றுமா என்று கேட்கலாம். 2002-ல் வெளியான ஒரு உளவியல் ஆய்வு எனக்கு மறக்காது. கணக்கில் நல்ல திறமையுள்ள கல்லூரி மாணவிகளுக்குச் சில விளம்பரங்களைக் காட்டினார்கள். ஒன்றில் முகப்பரு மருந்து கிடைத்த சந்தோஷத்தில் ஒரு பெண் கட்டிலில் துள்ளுகிறாள். இன்னொன்றில் கேக் மாவைப் பார்த்து ஒருத்தி சொக்கிப்போகிறாள். கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் அவற்றைப் பார்த்த பெண்கள் கணக்குத் தேர்வில் பின்தங்கினார்கள். தேர்ந்தெடுக்க விட்டபோது கணக்குக் கேள்விகளைத் தவிர்த்து மொழிக் கேள்விகளுக்குப் போனார்கள். "பெண் என்றால் இப்படி" என்ற எண்ணத்தை விளம்பரம் தட்டி எழுப்பினாலே போதும், மீதியை மனம் தானே செய்துகொள்கிறது. இன்னொரு பக்கம் யோசியுங்கள். மனதை மாற்றாது என்றால் கோடிக்கணக்கில் ஏன் கொட்டுகிறார்கள்? துணி துவைப்பது பெண்ணின் வேலை மட்டுமா என்று கேட்டு ஏரியல் 2015-ல் நடத்திய பிரச்சாரத்தின் சமூக விளைவைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் துறை, கெட்ட விளைவு என்று வந்தால் மட்டும் "நாங்கள் வெறும் கண்ணாடி" என்று விலகிக்கொள்ள முடியாது.

இந்தியாவைப் பற்றிய கணக்கும் இருக்கிறது. யூனிசெஃபும், திரையில் பெண்களைக் காட்டும் விதத்தை ஆராயும் அமெரிக்காவின் ஜீனா டேவிஸ் நிறுவனமும் 2019-ல் ஓடிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளம்பரங்களை ஆராய்ந்து 2021-ல் வெளியிட்டன. பெண்கள் திரையில் குறைவாக வருகிறார்கள் என்பது அல்ல பிரச்சினை. திரை நேரத்தில் பாதிக்கு மேல் அவர்களுக்குத்தான், பேசும் நேரத்திலும் ஆண்களைவிட அதிகம். ஆனால் பெண் பாத்திரங்களில் 66.9 சதவீதம் வெளுத்த அல்லது ஓரளவு வெளுத்த நிறம், ஆண்களில் அது 52.1 சதவீதம். ஆண் மாநிறமாக இருந்தால் பரவாயில்லை, பெண் இருக்கக்கூடாது என்பதுதான் இதன் பொருள். நம் ஊர் பட்டுச்சேலை, நகை விளம்பரங்களைப் பாருங்கள். தமிழ்க் கல்யாணம், நாதஸ்வரம், வாழைமரம் எல்லாம் இருக்கும். மணப்பெண் மும்பையிலிருந்து வந்திருப்பார். மாடல் தேர்வில் "ஹோம்லி லுக்" என்று கேட்டால் அது முகக்களையைப் பற்றியது என்று நான் முதலில் நினைத்திருந்தேன். நிறத்தைப் பற்றியது என்று புரிய நாளானது.

எதிர்ப்பு நம் ஊரிலிருந்தும் வந்திருக்கிறது. "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" இயக்கத்தை 2009-ல் சென்னையில் "விமன் ஆஃப் வொர்த்" அமைப்பு தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் 2013-ல் அதன் முகமாக வந்தார். 2019-ல் சிவப்பழகு க்ரீம் விளம்பரத்தை மறுத்த சாய் பல்லவி நீலகிரியின் கோத்தகிரிப் பெண். பதின்மூன்று வயதில் நிற அட்டை வைத்திருந்த அந்த அக்கா மகள்தான் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பினாள்.

2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கருப்பினத்தவர் போலீஸாரால் கொல்லப்பட்டபின் உலகம் முழுக்க எழுந்த கோபத்தில், ஜூன் மாதம் ஹிந்துஸ்தான் யூனிலீவர் "ஃபேர்" என்ற சொல்லைக் கைவிடுவதாக அறிவித்தது. ஜூலையில் ஃபேர் அண்ட் லவ்லி, க்ளோ அண்ட் லவ்லி ஆனது. நிற அட்டையும் இரண்டு முகப் படமும் 2019-லேயே போயிருந்தன. ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் இரண்டு வெளுப்பு வரிசைகளை நிறுத்தியது. 2020 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வரைவுத் திருத்தம் ஒன்றும் இருக்கிறது. 1954-ஆம் வருட மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தில் தோலை வெளுப்பாக்கும் விளம்பரத்தையும் சேர்த்து, முதல் குற்றத்துக்கு இரண்டு வருடச் சிறையும் 10 லட்சம் அபராதமும் வரை போகலாம் என்றது அந்த வரைவு.

பெயர் மாறியது முன்னேற்றம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இப்போது எழுத வரும் வசனங்களில் "பொலிவு", "ஜொலிப்பு", "பளிச்" என்று இருக்கும். படத்தில் முகம் அப்படியேதான் இருண்டு, வெளுத்து, சிரிக்கும். அன்று நான் எழுதிக் கொடுத்த "பொலிவு" இன்று அதே வேலையைச் செய்யக் கூலிக்கு வந்திருக்கிறது.

இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. இப்போது யாருக்கு எந்த விளம்பரம் போக வேண்டும் என்பதை இயந்திரம் முடிவு செய்கிறது. 2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபேஸ்புக்கில் வேலை விளம்பரங்கள் போட்டுப் பார்த்தார்கள். ஆண், பெண், இனம் எதையும் குறிப்பிடவில்லை. சூப்பர் மார்க்கெட் காசாளர் வேலை விளம்பரத்தைப் பார்த்தவர்களில் 85 சதவீதம் பெண்கள். மரம் வெட்டும் வேலையைப் பார்த்தவர்களில் 90 சதவீதம் ஆண்கள். டாக்ஸி நிறுவன வேலையைப் பார்த்தவர்களில் 75 சதவீதம் கருப்பினத்தவர். படத்தில் தப்பு இருந்தால் பார்த்துப் புகார் செய்யலாம். உங்களுக்கு வராத விளம்பரத்தைப் பற்றி எப்படிப் புகார் செய்வீர்கள்?

வருகிற விளம்பரத்தைப் பற்றியாவது செய்யுங்கள். ஆஸ்கியின் இணையதளத்திலும் வாட்ஸ்அப்பிலும் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். 2022-லிருந்து ஆண் பெண் பாகுபாட்டைப் பற்றிய தனி விதிகளும் அவர்களிடம் இருக்கின்றன. எந்தச் சேனல், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தப் பொருள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் திரையை செல்போனில் பதிவு செய்துவிடுங்கள். "நிறவெறி" என்று மட்டும் எழுதினால் தள்ளிவிடுவார்கள். "முன்" காட்சியில் முகம் எப்படி இருந்தது, தலை குனிந்திருந்ததா, வெளிச்சம் குறைந்ததா, க்ரீம் பூசியபின் என்ன கிடைத்ததாகக் காட்டினார்கள், வேலையா மாப்பிள்ளையா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

பொலிவு என்ற சொல்லை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.